தடியனுக்கு ஊற்றிய தண்ணீர்

இலை கொட்டிய பெருக்கமரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் மொத்தமே மூன்று பேர்தான்: மோட்டாருக்குக் காயில் கட்டும் அப்பா, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, கப்பலுக்குப் போன மகன். சொல்லிவிட்டுப் போனதே மகன்தான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, காது புளிக்கச் சொன்னான்.

“இது ஆப்பிரிக்கா மரம்பா. மழைக்காலத்துல வயிறு முட்டக் குடிச்சிட்டு வெயில்காலம் பூராத் தூங்கும். தூங்கறவன் வாயில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? புரையேறிச் செத்துடுவான். இலை கொட்டிடுச்சுன்னா தொட்டியை இழுத்துத் தகரத்துக்கு அடியில வச்சிட்டு, அந்தப் பக்கமே போகாதீங்க.”

“உங்கம்மாவை ஆறு மாசம் வாயைத் திறக்காம இருன்னு சொல்ற மாதிரி இருக்குடா,” என்றார் காயில்காரர்.

அம்மா கரண்டியை ஓங்கினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்போது சிரிப்பெல்லாம் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது.

மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, செடி ஏறியது. ஊர் ஓரத்து நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே முதலாளி அவன் கையில் ஒரு பிடி பெருக்கமர விதையைக் கொடுத்தார். கல் மாதிரி விதை. முளைத்தால் உன் சாமர்த்தியம் என்றார். பையன் அப்பாவின் கடைக்கு வந்து, அரத்தை எடுத்து ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, வெந்நீரில் ஊறப் போட்டான். ஒரு விதை பாக்கியில்லாமல் முளைத்தது. அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, மணலும் செங்கல் பொடியும் கலந்து நட்டான். ஐந்து வருடத்தில் அது நெஞ்சு உயரம் வந்தது. மேலே ஒல்லி, கீழே ஜாடி போலப் பருமன். காயில்காரர் அதற்குத் தடியன் என்று பெயர் வைத்தார். ஒரு நாள் மதிலில் இருந்து தாவிய பூனை தடியனின் உச்சியை ஒடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் இடது பக்கம் கோணலாகவே வளர்ந்தான்.

செடி வளர்ப்பதெல்லாம் சரி. ஆனால் மண்ணைக் கிளறுவதை ஒரு வேலை என்று காயில்காரர் மதித்ததே இல்லை. தனக்குத் தெரிந்த ஏஜென்ட்டைப் பிடித்து, சரக்குக் கப்பலில் டெக் வேலைக்கு மகனைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். பையனுக்கு அரைமனசு. அப்பா முகத்துக்காகத் தலையாட்டினான். அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் மூட்டும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

கோபத்தில் பெண்டாட்டி சொல்வதையெல்லாம் கணக்கில் வைத்தால் எந்த ஆம்பிளையும் குடித்தனம் நடத்த முடியாது. காயில்காரர் அதைக் காதில் வாங்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஆனால் வாங்கித்தான் இருந்தார்.

மகன் கிளம்பிய பிறகு மழைக்காலம் தொடங்கியது. தடியன் தளதளவென்று தழைத்தான். வாரம் ஒரு தடவை மகன் போன் செய்து, அம்மாவிடம் சாப்பிட்டாயா என்றும் அப்பாவிடம் நெஞ்சு மாத்திரை போட்டீர்களா என்றும் கேட்டுவிட்டு, தடியன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பான். அப்படி ஒரு ஏழெட்டு தடவை பேசியிருப்பான்.

ஒரு மத்தியானம் ஏஜென்ட் கடைக்கு வந்தான். வெளியே மழை. காயில்காரர் பம்பு மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எப்போதும் வந்த உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற ஏஜென்ட் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தான்.

“உக்காருப்பா.”

“இல்லண்ணே.” அவன் குடையை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். “அண்ணே, மனசைத் திடப்படுத்திக்கங்க. தம்பி டெக்ல கயிறு கட்டிட்டு இருந்திருக்கான். பெரிய அலை ஒண்ணு அடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு நாள் தேடியிருக்காங்க. நேத்து நிறுத்திட்டாங்க. அந்தக் குளிர்ல ஒரு மணி நேரம் தாங்கறதே பெரிசாம்ணே.”

காயில்காரர் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்று எத்தனை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை எங்கோ தப்பியது. மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பித்தார். அதுவும் தப்பியது. பிறகு கம்பியைக் கீழே வைத்தார்.

“வீட்டுல சொல்லிட்டியா?”

“இல்லண்ணே, நேரா உங்ககிட்டதான் வரேன்.”

“வீட்டுப் பக்கம் வராதே. எதுவா இருந்தாலும் இங்க வா.”

ஏஜென்ட் போனான். காயில்காரர் கடையின் பின்பக்கம் போய், வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு பல நாள் அங்கேதான் அழுதார். கண் சிவந்து வெளியே வந்தால் வார்னிஷ் காந்தல் என்பார். வந்தவர்கள் நம்பினார்கள். அவரவர் ஃபேன் அவரவருக்குச் சுற்றினால் போதும்.

அன்றைக்கு இரவே சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனார். போகும் வழியெல்லாம் முதல் வார்த்தையைத் தேடினார். அவள் தட்டை வைத்தாள், மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“நடுக்கடல்ல சிக்னலே கிடைக்காதாமே? மாசக்கணக்குல போன் வராம இருக்குமாம். வேலையில ஒருத்தி சொன்னா.”

பொய் சொல்லத் தைரியம் இல்லாமல் தவிக்கிறவனுக்குப் பொய்யைத் தட்டில் வைத்து நீட்டினால் வேண்டாம் என்றா சொல்வான்? “ஆமா, அப்படித்தான்,” என்றார். சொன்னதும் சாப்பிடக்கூட முடிந்தது. அதை நினைத்துப் பிறகு தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டார்.

அவளுக்காகத்தான் மறைக்கிறோம், தாங்க மாட்டாள், ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஊரில் யார் கேட்டாலும் அதுதான் சரி என்பார்கள். உண்மை அது இல்லை. செய்தியைச் சொன்ன அடுத்த நொடி அவள் தன்னைப் பார்க்கப் போகும் பார்வைக்கு அவர் பயந்தார். அவனை அனுப்பியது யார் என்று அவள் கேட்கக்கூட வேண்டாம். பார்த்தாலே போதும், செத்துவிடுவார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு நாளுக்கு நாள் சோறு அதிகம் தேவைப்படும். அவளாக எதுவும் கேட்கவில்லை. அதுவே அவரைப் படுத்தியது. ஒரு சாயங்காலம் அவள் கொல்லைப்பக்கக் கதவில் சாய்ந்து வெறித்துக்கொண்டிருந்தபோது, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்:

“பாரு, தடியன் எப்படித் தளதளன்னு இருக்கான். அங்க உன் புள்ளையும் இப்படித்தான் இருப்பான்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். முகத்தில் என்னவோ ஒன்று அசைந்தது. மறுநாளில் இருந்து வேலைக்குக் கிளம்பும் முன் விடிகாலையில் கொல்லைக்குப் போய் தடியனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். “இன்னைக்குப் புதுசா ரெண்டு துளிர்,” என்று வந்து சொல்வாள். அவளுக்கு அதில் ஒரு தெம்பு. சகுனம், ஜோசியம் எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிற மனுஷன், ஒரு மரத்தின் இலையில் மகனுடைய உயிரைத் தன் வாயாலேயே முடிந்து வைத்துவிட்டார்.

மழை நின்றது. காற்று காய்ந்தது. தடியனின் இலைகள் பழுக்க ஆரம்பித்தன.

போன வருடமும் பழுத்தன, அதற்கு முந்தின வருடமும் பழுத்தன. ஆனால் அப்போதெல்லாம் தொட்டியை இழுத்துத் தகரத்துக்கு அடியில் வைக்க மகன் இருந்தான். இப்போது ஒவ்வொரு இலை விழும்போதும் அவள் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கூட்டித் தள்ள மனசு வரவில்லை.

“கொட்டற காலம்தானே,” என்றார் அவர்.

“ஆமா, கொட்டற காலம்தான்,” என்றாள் அவள்.

கடைசி இலையும் விழுந்த அன்று அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனதும், காயில்காரர் கொல்லைக்கு வந்து மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்தார். மகன் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவில் இருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. ஒரு துளிர் வந்தால் போதும், ஒரே ஒரு துளிர். அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்து ஊற்றினார்.

பம்பு மோட்டாருக்குள் தண்ணீர் போக விட்டவர்களை அவர் பேசாத பேச்சு இல்லை. “ஈரம் உள்ள போனா செத்துடும்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்யா” என்பார். நல்லது கெட்டது தெரியாமல் செய்கிறவனைத் திருத்தலாம், தெரிந்தே செய்கிறவனை என்ன செய்ய? மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாளும். எருவை வாங்கி வந்து கரைத்து ஊற்றினார். வாளியைத் துடைத்து இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைப்பார், சிந்திய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பார், பிறகு கடைக்குப் போவார். சாயங்காலம் வந்து மண்ணைத் தொட்டால் ஈரம் அப்படியே இருக்கும். காலையில் ஊற்றியது இன்னும் காயவில்லை, நல்ல மண் என்று நினைத்துக்கொள்வார்.

வெயில்காலம் முக்கால்வாசி இப்படியே போயிற்று. துளிர் வரவில்லை. அடிமரத்தின் பளபளப்பு போய், கிழவன் முழங்கால் போலத் தோல் சுருங்கியது. ஒரு நாள் இருவருமே டீயைக் கையில் வைத்துக்கொண்டு தடியனுக்கு முன்னால் நின்றார்கள்.

“துளிர் விடறதுக்கு முந்தி இப்படித்தான் சுருங்குமாம்,” என்றாள் அவள்.

“ஆமா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்,” என்றார் அவர்.

யாரிடம் கேள்விப்பட்டாய் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, மரத்தின் அடியைச் செல்லமாகத் தட்டினார். சத்தம் வரவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. பழுத்த பழத்துக்குள் போவது போல, தடுப்பே இல்லாமல் நகம் வரைக்கும் போய்விட்டது. இழுத்தபோது கருப்பாக ஒரு நீர் வழிந்தது. புளித்த நாற்றம். கையைக் கழுவினார், மறுபடி கழுவினார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். மகன் செத்த செய்தி கேட்டபோது வராத நடுக்கம் இப்போது வந்தது. அவன் போய்விட்டான், அது முடிந்த கதை. இனி போகப் போவது அவள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று சொல்வதே அதிகம். மூழ்குகிறவன் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான், அவ்வளவுதான். அரத்தால் தேய்த்து முளைக்க வைத்த மற்ற கன்றுகள் நர்சரியில் இருக்கின்றன. எல்லாம் ஒரே வயது. அதில் ஒன்றை வாங்கி வந்து, அவள் வேலையில் இருக்கும்போது, இதே டிரம்மில் மாற்றி நட்டுவிட்டால்? மழை வர இன்னும் கொஞ்ச நாள்தான். துளிர் வரும். அவளுக்கு எப்படித் தெரியும்?

கடையைத் திறக்காமல் நேராக நர்சரிக்குப் போனார்.

நர்சரிக்காரர் வாயில் உளுந்து ஊறாத மனுஷன். நிழல்வலைக்கு அடியில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே நிரப்புவார். காயில்காரரைப் பார்த்ததும் கையை உதறி எழுந்தார்.

“வாங்கண்ணே வாங்க! தம்பி போன் பண்றானா? எனக்கு ஒரு போன்கூடப் பண்ண மாட்டேங்கறான் பாருங்க. கப்பல்ல ஏறினதும் பெரிய ஆளாயிட்டான்.”

“சிக்னல் கிடைக்கலையாம்,” என்றார் காயில்காரர். அந்தப் பொய் இப்போது தும்மல் மாதிரி தானாக வந்தது. “தம்பி வச்ச மரம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. அடியில விரல் வச்சா உள்ள போவுது.”

நர்சரிக்காரர் முகத்தைச் சுளித்தார். “தண்ணி ஊத்தினீங்களா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமா? கொஞ்சத்துக்கு விரல் போகாதுண்ணே. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க? தலைக்கு மேல தண்ணி போனப்புறம் சாண் போனா என்ன, முழம் போனா என்ன. விட்டுத் தள்ளுங்க, அது செத்து நாளாச்சு.”

பாவம், அவர் மரத்தைத்தான் சொன்னார். காயில்காரர் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, மற்ற கன்றுகளைப் பார்க்க வேண்டும் என்றார். நர்சரிக்காரர் பின்பக்கம் கூட்டிப் போனார். தகரக் கொட்டகைக்கு அடியில் பெருக்கமரங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் மொட்டை. மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது. அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தார், கல் மாதிரி கெட்டி. யாரும் கவனிக்காமல் விட்டதால் அத்தனையும் உயிரோடு இருந்தன. காயில்காரருக்கு ஓங்கி ஒன்றை எட்டி உதைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

“எங்க வீட்டு மரம் உயரத்துக்கு ஒண்ணு வேணும். உச்சியில இடது பக்கமா கொஞ்சம் கோணலா இருக்கணும்.”

நர்சரிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னண்ணே, புருஷனும் பொண்டாட்டியும் கண்ணாமூச்சி ஆடறீங்களா? நேத்து மத்தியானம் அண்ணி வந்து இதையேதான் கேட்டாங்க. இதே உயரம், இதே கோணல். அதோ பாருங்க, அந்த மூலையில இருக்கறதை எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. ‘வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, அவரு கடையில இருக்கறப்ப ஆட்டோவுல அனுப்புங்க’ன்னாங்க. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினாங்க. நான் ஒரு மடையன், உளறிட்டேன்.”

காயில்காரர் அந்த மூலையில் இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உச்சியில் இடது பக்கம் சின்னதாகக் கோணல்.

அவளும் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். சரி. அவர் அவளிடம் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது, மகன் போன செய்தி அவருக்கு மட்டும்தானே தெரியும். அவள் எதற்கு அவரிடம் மறைக்க வேண்டும்? மரம் செத்துவிட்டது என்று ஓடிவந்து அழவேண்டியவள் அவள் அல்லவா? அவர் நெஞ்சு நோகும் என்று பயந்தால்தான் மறைப்பாள். மகன் நல்லபடியாக இருக்கிறான் என்று அவள் நம்பினால், மரம் பட்டுப்போவதில் அவர் நெஞ்சு நோக என்ன இருக்கிறது? நடுக்கடலில் சிக்னல் கிடைக்காதாமே என்று அவளாக அன்று எடுத்துக் கொடுத்ததும், அதற்குப் பிறகு ஒரு நாளும் போன் வரவில்லையே என்று கேட்காததும், தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காயில்காரருக்கு வந்தது துக்கம் இல்லை. சொன்னால் வெட்கக்கேடு, நிம்மதி வந்தது. இத்தனை மாதமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் மூச்சை அடக்கி வைத்திருந்தோமே, இனி வேண்டாம். அவள் திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும். பிறகு இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து நம் பிள்ளைக்காகச் சத்தம் போட்டு அழலாம். கால்கள் தானாக வேகம் எடுத்தன. அவள் வேலை முடிந்து வரும் வரைக்கும் தெருமுனையிலேயே நின்றார். அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் பின்னால் போகத் தைரியம் வந்தது.

அவள் கொல்லையில் இருந்தாள். தொட்டியைத் தகரத்துக்கு அடியில் இழுக்கப் பார்த்திருக்கிறாள் போல. அந்த அசைவுக்கே தடியன் அடியோடு சாய்ந்து கிடந்தான். உள்ளே மரமே இல்லை, நனைந்த சாக்குப் பிரிதான் இருந்தது. அவள் சோப்பில் ஊறி ஊறி வெளுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கடை நேரத்தில் அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

“நர்சரிக்குப் போயிருந்தேன்,” என்றார் அவர்.

“அந்த ஆளு சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு.” அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். “உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்கும் தெரியுமா?”

அவர் தலையை ஆட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது.

“கப்பல்ல சமையல் பண்றவரு போன் பண்ணாருங்க. ‘அம்மா, தம்பி தண்ணியில விழுந்துட்டான், தேடிட்டு இருக்காங்க, கிடைச்சிடுவான், பயப்படாதீங்க’ன்னாரு. லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் எத்தனை தடவை போட்டும் அந்த நம்பர் போகவே இல்ல. உங்க நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு? அதிர்ச்சி கூடாதுன்னாரு. நான் எந்த வாயால சொல்லுவேன்? அவன் கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

கிடைச்சப்புறம் என்ற சொல் காயில்காரர் காதில் விழுந்தது. ஆனால் அதன் முழு அர்த்தம் உள்ளே இறங்க ஒரு நிமிடம் பிடித்தது.

“நீங்களும் இதுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“காலையில. நீ போனதும்.”

“நான் சாயங்காலம். நீங்க வர்றதுக்குள்ள.” அவள் சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவர் மாதக்கணக்கில் அந்த முகத்தில் பார்க்காத வெளிச்சம். “அப்ப இது நம்ம பண்ண வேலைதானா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊத்தி அழுக வச்சிட்டோமா?”

“ஆமாம்மா.”

“அட கடவுளே!” அவள் சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்த சிரிப்பு. “தெரியுமாங்க, முந்தாநாள் இதுல கை வச்சதுல இருந்து நான் நானாவே இல்ல. சரி, அவன் போயிட்டான், அதான் இது இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சு நினைச்சு... லாண்டரியில துணி மடிக்கறப்பகூடக் கை ஓடல. இது அவனால சாகல பாருங்க. நம்மளால செத்தது. தண்ணி அதிகமாகிச் செத்தது, அவ்வளவுதான். அவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் எங்கயாவது கரையில ஒதுங்கியிருப்பான். ஏதாவது ஆஸ்பத்திரியில பேர் தெரியாமக் கிடப்பான். பாஷை தெரியாத ஊரா இருக்கும், நம்பர் மறந்திருக்கும்.” அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். “உங்களுக்கு யார் சொன்னா? அந்தச் சமையல்காரர்தானா? பக்கத்துல கரை எதாவது இருந்துச்சாமா?”

காயில்காரர் வாயைத் திறந்தார். ‘ஆமா, பக்கத்துலதான்’ என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சொல்லிவிட்டால் போதும். மூலையில் எடுத்து வைத்திருக்கும் மரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே போய் எடுத்து வரலாம். மழை வரும், துளிர் வரும், அவள் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். ஒரு வருடம், இரண்டு வருடம், அவள் உயிர் இருக்கும்வரை. தினமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுடைய கை இன்னும் அவர் முழங்காலில் இருந்தது. அந்தக் கையை அவர் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏஜென்ட் வந்தான்மா. கடைக்கு வந்தான், மழைக்காலத்துலயே. நான்தான் உன்கிட்ட மறைச்சேன். நான்தானே அனுப்பினேன், அதனால மறைச்சேன். தேடறதை அப்பவே நிறுத்திட்டாங்க. அவன் கிடைக்கலை. அந்தக் குளிர்ல யாரும் பிழைக்க முடியாதாம்.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் எதிர்பார்த்துப் பயந்த பார்வையும் வரவில்லை. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. தொட்டியில் தேங்கி நின்ற கருப்பு நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாள் தேடினாங்களாம்?”

“ரெண்டு நாள்.”

அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“வெறும் மரத்துக்கு நாம நாலு மாசம் தண்ணி ஊத்தியிருக்கோங்க,” என்றாள். “என் புள்ளையை ரெண்டே நாள்தான் தேடினாங்களா?”